சிங்கப்பூரில் மொத்த விலைக்குப் பூ வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் உபயம், கல்யாணம், கொலு, கடை திறப்பு என்று ஏதோ ஒன்றுக்காக மொத்தமாகப் பூ வாங்கப் போகிறவர்களும், சின்ன அளவில் பூ வியாபாரம் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மாலைப் பூ, தண்டுப் பூ இரண்டையும் பற்றிப் பேசுகிறேன். விலைப்பட்டியல் மட்டும் இதில் கிடையாது. காலையில் எழுதும் விலை சாயங்காலத்துக்கு ஆகாது.

சிங்கப்பூரில் பூவுக்கென்று மொத்தச் சந்தை எங்கே இருக்கிறது?

மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை மாதிரி எல்லா வியாபாரியும் ஒரே இடத்தில் கூடி மூட்டையைப் பிரிக்கும் சந்தை இங்கே இல்லை. காய்கறிக்கும் பழத்துக்கும் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையம் இருக்கிறது. பூவுக்கு அப்படி ஒன்று கிடையாது, ஏலமும் கிடையாது. இறக்குமதி செய்பவர்கள் தங்கள் கிடங்கிலிருந்தும் குளிர் அறையிலிருந்தும் நேராகக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனால் உண்மையில் இங்கே நடப்பது இரண்டு தனித்தனி வியாபாரம். ஒன்று தேக்காவைச் சுற்றி: பஃபலோ ரோடு, கேம்பல் லேன், சிராங்கூன் சாலை. மல்லி, முல்லை, கனகாம்பரம், செவ்வந்தி, அரளி, சம்பங்கி, மரிக்கொழுந்து, துளசி, வில்வம் எல்லாம் இங்கே. உதிரியாகவும் வரும், சரமாகவும் வரும், மாலையாகவும் கட்டிக் கொடுப்பார்கள். இன்னொன்று தண்டுப் பூ வியாபாரம்: ரோஜா, லில்லி, கார்னேஷன், ஜெர்பெரா, ஆர்க்கிட், அலங்காரத்துக்கான இலைகள். இதில் பெரும்பாலும் சீன வியாபாரிகள். தாம்சன் ரோடு பக்கம் செடிப் பண்ணைகளோடு சேர்ந்து, வாடிக்கையாளர்களே குளிர் அறைக்குள் நுழைந்து கட்டுக் கட்டாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. போகும்போது ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுங்கிக்கொண்டே பூ பார்த்தால் அவசரமாகத்தான் பார்ப்போம்.

இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அதிகம் கண்டுகொள்வதில்லை. மேடை அலங்காரத்துக்குத் தேக்காவில் ரோஜா கட்டு தேடுவதும், தாம்சனில் போய் மல்லி கேட்பதும் வீண் அலைச்சல்.

பூ எல்லாம் எங்கிருந்து வருகிறது?

மல்லியிலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டு மல்லி விமானத்தில் வருகிறது. விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, சந்தையில் எடை போட்டு, தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியோடு அடைத்து விமானம் ஏற்றுகிறார்கள். பறித்த மொட்டை அப்படியே விட்டால் அன்று ராத்திரியே விரிந்துவிடும். குளிர்தான் அதைத் தூங்க வைத்து இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டும் காம்பும் தடித்து இருப்பதால் பயணத்தைத் தாங்கும் என்பது வியாபாரிகளின் கணக்கு. தாய்லாந்திலிருந்தும் மல்லி வரும். அது சின்னதாக, உருண்டையாக இருக்கும். நெருக்கமாகத் தொடுத்த மாலைக்கு அழகு, தலையில் வைக்கும் சரத்துக்கு நம்மவர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை.

செவ்வந்தியில் பெரும் பங்கு மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கி, ஜொகூர் பாலம் தாண்டி வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ச்சி, பக்கத்து நாடு. விமானக் கூலி இல்லாததால் விலையும் கட்டுப்படியாகும். ஆண்டுக் கடைசியில் மழை கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்தால் இங்கே வரத்து குறையும்.

ஆர்க்கிட் தாய்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும். ரோஜா கென்யா, எக்குவடோர், சீனாவின் குன்மிங், ஓசூர் என்று பல ஊர். எக்குவடோர் ரோஜாவுக்குத் தலை பெரியது, தண்டு நீளம், விலையும் அதே அளவுக்கு. துலிப், ஹைட்ரேஞ்சியா, பியோனி போன்றவை நெதர்லாந்து வழியாக. அங்குள்ள ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பூ. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும், ரொம்பப் பொறுத்தால் பூ போய்விடும்.

அப்படியானால் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை சொல்கிறார்களே?

இந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்தே வரும்: தேக்கா கடைக்காரர் விருப்பத்துக்கு ஏற்றுகிறார் என்று. ஏற்றுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான நாட்களில் விலை சிங்கப்பூருக்கு வெளியே, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்காட்டியில் முடிவாகிவிடுகிறது.

முதலில் தமிழ்நாட்டு நாட்காட்டி. அங்கே முகூர்த்த நாளென்றால் மல்லி விலை ஏறும். மார்கழி, தை மாதப் பனியில் செடி மொட்டு விடாது, ஆனால் பொங்கலுக்கு எல்லாருக்கும் பூ வேண்டும். கிலோ சில நூறு ரூபாய்க்குப் போன மல்லி அந்த வாரத்தில் சில ஆயிரத்தைத் தொடுவது ஆண்டுதோறும் செய்தியில் வரும் விஷயம். அதன்மேல் விமானக் கூலி, இங்கே ஜிஎஸ்டி, கடை வாடகை. பொங்கலன்று தேக்காவில் ஒரு முழம் என்ன விலை என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் சீன நாட்காட்டி. நம் மாலைக்காரர்களுக்கு இதுதான் பெரிய பாடம். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் வீட்டுச் சாமி மேடைக்குப் பூ வைப்பது பலருக்கு வழக்கம். முதல் நாள் என்பது அமாவாசையை ஒட்டி வரும், பதினைந்து என்பது பௌர்ணமியை ஒட்டி. அதாவது நம் வீடுகளில் அமாவாசைப் படையலும் பௌர்ணமிப் பூசையும் நடக்கிற அதே ஓரிரு நாட்களில் அவர்களும் மஞ்சள் செவ்வந்தி தேடுகிறார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் போய்ப் பாருங்கள். குவான் இம் கோயிலுக்கும் கிருஷ்ணன் கோயிலுக்கும் நடுவே பூ விற்பவர்களிடம் வாங்கும் கூட்டம் இரண்டு கோயிலுக்கும் போகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங் மிங் வந்தால் கல்லறைகளுக்கும் அஸ்தி மாடங்களுக்கும் செவ்வந்தி கட்டுக் கட்டாகப் போகும். அந்த வாரத்தில் உபயம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம், செவ்வந்தி மாலை ஏன் விலை ஏறியது என்று புரியாமல் நிற்கும்.

மூன்றாவது, ஜப்பான் நாட்காட்டி. ஜப்பானுக்கு வெளியிலிருந்து போகும் செவ்வந்தியில் மலேசியாவின் பங்கு பெரிது. ஆகஸ்டில் ஓபோன், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஹிகான் என்று முன்னோரை நினைக்கும் நாட்கள் வரும். அப்போது கேமரன் மலையின் நல்ல பூ அங்கே போய்விட, நமக்குத் தண்டு குட்டையானது மிஞ்சும்.

இதோடு காதலர் தினம், மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம், செப்டம்பர் முதல் வெள்ளி ஆசிரியர் தினம். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தைப்பூசம் பிப்ரவரி 1, காதலர் தினம் பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. மூன்றும் மூன்று வாரத்துக்குள். அந்த மாதம் கல்யாணம் வைத்தால் அலங்காரக்காரர் சொல்லும் விலையில் அவர் லாபத்தைவிட இந்த மூன்று தேதிகள்தான் அதிகம் இருக்கும்.

எப்போது மலிவு?

மல்லிக்கு, தமிழ்நாட்டில் வெயில் ஏறிச் செடி பூத்துக் குலுங்கும் பங்குனி முதல் ஆனி வரை, முகூர்த்த நாட்கள் நீங்கலாக. ரோஜாவுக்கு, பிப்ரவரி 14 தாண்டிய மறுவாரம். செவ்வந்திக்கு, அமாவாசை பௌர்ணமிக்கு இடைப்பட்ட நாட்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் இதைப் பார்த்து வையுங்கள். சாமி குறித்த தேதி என்றால் பேச்சில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனால் நல்ல பூ கிடைக்கும்?

தேக்காவில் காலை சீக்கிரம். வெள்ளிக்கிழமைக்கான பூவை வியாழன் மாலையே வாங்குகிறவர்கள் நிறைய, அதனால் வெள்ளி காலை பத்து மணிக்குப் போனால் மிச்சம்தான்.

தண்டுப் பூவுக்கு மணியைவிட நாள் முக்கியம். ஒவ்வொரு இறக்குமதியாளருக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் சரக்கு வரும், ஒவ்வொரு நாட்டுச் சரக்குக்கும் வேறு வேறு நாள். ‘கென்யா ரோஜா என்றைக்கு வரும்?’ என்று நேராகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டால் நாலு நாள் பழைய பூவுக்குப் புதுப் பூ விலை கொடுக்க வேண்டியதில்லை.

பூ புதிதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோஜாவில் பூத்தலையின் அடிப்பகுதியை, காம்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதிது. பஞ்சு மாதிரி அமுங்கினால் பழசு. வெளி இதழ் ஒன்றிரண்டு பச்சை கலந்து, கொஞ்சம் கசங்கி இருந்தால் பயப்படாதீர்கள். அது உள்ளிதழைக் காக்கும் இதழ், வீட்டில் பிய்த்துவிடலாம். அந்த இதழ்களையெல்லாம் கடைக்காரரே பிய்த்து மழமழவென்று வைத்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். எத்தனை நாளாகப் பிய்க்கிறாரோ!

செவ்வந்தியில் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். பூ வாடுவதற்கு முன்பே இலை மஞ்சளாகும், துவளும். பூவின் நடுப்பகுதி இறுக்கமாக, இளம்பச்சையாக இருந்தால் இன்னும் நாட்கள் இருக்கின்றன. நடுவில் மகரந்தம் தூளாகத் தெரிந்தால் இன்றைக்குக் கட்டி இன்றைக்கே சாத்தும் மாலைக்கு மட்டும் வாங்குங்கள், விலையும் குறைத்துக் கேளுங்கள்.

லில்லியில் மொட்டு நிறம் காட்டியிருக்க வேண்டும். முழுப் பச்சை மொட்டு விரியாமலேயே போகலாம். விரிந்ததும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பட்டுப் புடவையில் பட்டால் தண்ணீர் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம், அதற்கு அது கடும் விஷம்.

டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் தண்டின் அடியைப் பாருங்கள். பூ உதிர்ந்த தழும்புகள் வரிசையாக இருந்தால் அது தன் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டது. ஜெர்பெராவுக்குக் கழுத்து நிமிர்ந்திருந்தால் போதும்.

மல்லிக்கு முகர்ந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் காலையில் மணம் தூக்கும் மல்லி என்றால் அது விரிந்துவிட்டது என்றுதான் பொருள். சாயங்காலம் வைக்க வேண்டுமானால் மணமே இல்லாத, கெட்டியான, பாலாடை நிற மொட்டு வேண்டும். பையின் அடியில் கைவிட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் ஈரமாக, காம்பு பழுப்பாக இருந்தால் பனிக்கட்டி உருகிய தண்ணீரில் ஊறியிருக்கிறது. அது சாயங்காலத்துக்குள் கருத்துவிடும்.

பிறகு எல்லாத் தண்டுப் பூவுக்கும் பொதுவாக ஒன்று: வாளித் தண்ணீரைப் பாருங்கள். கலங்கி, நாறினால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கட்டு என்றால் எத்தனை தண்டு?

நாட்டுக்கு நாடு, பூவுக்குப் பூ மாறும். ரோஜாக் கட்டில் 10, 20, 25 என்று எதுவும் இருக்கலாம். அதனால் இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது ஒரு தண்டுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். நீளமும் விலையில் சேரும். 40 செ.மீ., 50, 60, 70 என்று தரம் பிரிப்பார்கள். மேசை அலங்காரத்துக்கு எப்படியும் குட்டையாக வெட்டப் போகிறீர்கள் என்றால் 70-க்குக் காசு கொடுப்பானேன்?

உதிரிப்பூ எடைக்கு, சரம் முழத்துக்கு. யாருடைய முழம் என்று சண்டை போட்டுப் பயனில்லை. நிறைய வாங்கும்போது சரமாக வாங்காமல் உதிரியாக எடை போட்டு வாங்கி வீட்டில் தொடுத்துக்கொள்வது மலிவு. தொடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கும் அது ஒரு சந்தோஷம்.

முன்பின் தெரியாத எனக்கு மொத்த விலை கொடுப்பார்களா? பேரம் பேசலாமா?

அளவைப் பொறுத்தது. ஒரு கட்டுக்கும் பத்துக் கட்டுக்கும் ஒரே விலை சொல்லும் இடத்தில் ‘பெட்டியாக எடுத்தால் என்ன விலை?’ என்று கேளுங்கள். பெட்டி உடைக்காமல் வாங்குவதுதான் உண்மையான மொத்த விலை. குளிர் அறை உள்ள இடங்களில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை, பேரம் செல்லாது. தேக்காவில் பேசலாம், ஆனால் அளவோடு. ‘அண்ணே, அக்கா’ என்று உரிமையாகக் கேட்டால் கூட ஒரு கை உதிரி போடுவார்கள். விலையைக் குறைப்பதைவிட அது அவர்களுக்கும் எளிது.

நாலைந்து முறை ரொக்கமாகவோ பேநவ்விலோ உடனே கொடுத்து வாங்கினால் முகம் பழகிவிடும். அதன் பிறகுதான் கடன் பேச்சு. தீபாவளிக்கு முந்தின நாள் தட்டுப்பாட்டில் யாருக்குப் பூ கிடைக்கும் என்றால், ஆடி மாதத்தில் சும்மா கிடக்கும் நாளிலும் வந்து வாங்கியவருக்குத்தான்.

கல்யாணத்துக்கு எவ்வளவு முன்னால் சொல்லி வைக்க வேண்டும்?

ஜோடி மாலைக்கு இரண்டு மூன்று வாரம் போதும் என்பார்கள். நான் ஒரு மாதம் என்பேன். குறிப்பிட்ட நிறத்தில் ரோஜா, பியோனி, வெளிநாட்டுப் பூ என்றால் இன்னும் முன்னால். ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கேட்ட பூ வரவில்லை என்றால் எந்தப் பூவைப் போடுவார், அப்போது விலை என்ன? வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். விமானம் தாமதமானால் மல்லி வராது, அது யார் தப்பும் இல்லை. ஆனால் மல்லிக்குப் பதில் வெறும் இலையை வைத்துக் கட்டிய மாலை மணவறைக்கு வந்து நிற்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் போடும் மாலைக்கு ஆர்க்கிட் மேல். முந்தின நாளே கட்டி வைக்கலாம், அடுத்த நாள் சாயங்காலம் வரை நிற்கும், தொட்டால் ஒட்டாது. மாப்பிள்ளை பெண் மாலைக்கு ரோஜா இதழை மட்டும் கோத்துக் கட்டும் வகை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கனம் அதிகம், ஓரம் சீக்கிரம் கருக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சடங்கு மூன்று மணி நேரம் ஓடும் என்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாங்கி வந்த தண்டுப் பூவை எப்படி வைப்பது?

வந்தவுடன் தண்டின் அடியில் இரண்டு மூன்று செ.மீ. சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, சுத்தமான வாளியில் வையுங்கள். பூ வாடுவதற்குப் பெரும்பாலும் காரணம் தாகம். தண்ணீரில் பெருகும் கிருமி தண்டின் குழாயை அடைத்துவிடும், வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் ரோஜா கழுத்தைத் தொங்கப் போடும். அதனால் வாளியைப் பிளீச் போட்டுக் கழுவுவது, விலை உயர்ந்த பூ உரப் பொட்டலத்தைவிட முக்கியம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஜெர்பெராவுக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சமாக, அதன் தண்டு எளிதில் அழுகும்.

குளிரில் வைப்பதானால் எந்தப் பூ எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். ரோஜா, செவ்வந்தி, கார்னேஷன், லில்லி எல்லாம் 1 அல்லது 2 டிகிரி செல்சியஸைத் தாங்கும். ஆர்க்கிட், ஆந்தூரியம், ஹெலிகோனியா வெப்பமண்டலக்காரர்கள். 12 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் நிறம் மங்கி, கருந்திட்டு விழும். எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் அடைத்த கடையில் ஆந்தூரியம் வாங்காதீர்கள்.

இங்கே இன்னொரு வில்லங்கம் உண்டு. குளிரிலிருந்து எடுத்த பெட்டியை நம் ஈரக் காற்றில் உடனே திறந்தால் இதழ்மேல் தண்ணீர் கோக்கும். அதில் சாம்பல் பூஞ்சணம் பிடித்து, மறுநாள் ரோஜா இதழில் பழுப்புப் புள்ளி தெரியும். பெட்டியை ஏர்கான் போட்ட அறையில் சிறிது நேரம் வைத்து, பிறகு திறங்கள்.

பழத்தட்டுப் பக்கத்தில் பூவை வைக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவை மூப்படைய வைக்கும். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதற்கு ரொம்பப் பயப்படும். வண்டிப் புகையிலும் ஊதுபத்திப் புகையிலும் அது உண்டு. சீர்வரிசைத் தட்டுகளை முந்தின இரவே அடுக்கி, பழமும் மாலையும் ஒரே மூடிய அறையில் வைப்பது நம் வீடுகளில் சகஜம். இரண்டையும் பிரித்து வையுங்கள்.

மல்லியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம். கழுவாமல், தண்ணீர் தெளிக்காமல், செய்தித்தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில், கீழ்த் தட்டில். ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் விரிய ஆரம்பிக்கும்.

ஊரிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ நானே கொண்டுவரலாமா?

வெட்டிய பூவும் வேரோடு வரும் செடியும் வேறு. மண்ணும் வேரும் ஒட்டிய எதுவும் பூச்சியையும் நோயையும் கொண்டுவரக்கூடியது என்பதால் அதற்குக் கட்டுப்பாடு கடுமை. இங்கே செடி கொடி சம்பந்தமான இறக்குமதி விதிகள் தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையத்தளத்தில் உங்கள் பூவின் பெயரையும் நாட்டையும் பார்த்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று விளக்கம் சொல்லும்போது பெட்டியிலுள்ள பூ வாடிக்கொண்டிருக்கும்.

விற்பதற்காகக் கொண்டுவருவது தனிக் கதை. சுங்க அனுமதி எடுக்க வேண்டும். பூவுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஆனால் 9% ஜிஎஸ்டி உண்டு. அது பூவின் விலைக்கு மட்டுமல்ல, விமானக் கூலியும் காப்பீடும் சேர்ந்த மொத்தத்துக்கு. எடை குறைந்த, இடம் அதிகம் பிடிக்கும் சரக்கு என்பதால் சில நாட்களில் கூலி பூவின் விலையையே தாண்டும். முதல் ஆண்டிலேயே சொந்தமாக இறக்குமதி செய்யப் போவதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். இங்குள்ள இறக்குமதியாளரிடம் வாங்கி விற்றுப் பழகுங்கள்.

வீட்டிலிருந்தே மாலை கட்டி விற்க நினைக்கிறேன். என்னென்ன வேண்டும்?

சொந்த முழுப்பெயரில் செய்தால் தவிர, வியாபாரப் பெயரை அக்ராவில் (நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டும். வீவக வீட்டில் சிறு அளவில் தொழில் செய்யும் திட்டம் இருக்கிறது. வெளியாள் வைத்து வேலை வாங்குவது, வாசலில் பலகை மாட்டுவது, சரக்கை அடுக்கி அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தருவது ஆகாது. நடைபாதையில் கூடை வைத்து விற்க உரிமம் வேண்டும், கோயில் வாசலானாலும் சரி. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்தக் கவலை வந்தால் நல்லதுதான்.

காகித வேலை இவ்வளவுதான். கவிழ்க்கிற இடம் வேறு. பூ வியாபாரத்தில் விற்காத சரக்கு நாளைக்கு ஆகாது. ஒரு பேச்சுக்கு, கட்டு 8 வெள்ளி என்று 10 கட்டு வாங்குகிறீர்கள், 80 வெள்ளி. 3 வெள்ளி லாபம் வைத்து 11-க்கு விற்கிறீர்கள். எல்லாம் விற்றால் 30 வெள்ளி கையில். இரண்டு கட்டு வாடிப்போனால்? எட்டுக் கட்டுக்கு 88 வெள்ளி. லாபம் 8 வெள்ளி. பத்தில் இரண்டு வீணானதில் லாபத்தில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு போய்விட்டது, உங்கள் உழைப்பும் டெலிவரிச் செலவும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. வாடுவதை விலையில் சேர்க்காமல் ‘பக்கத்துக் கடையைவிட ஒரு வெள்ளி குறைவு’ என்று ஆரம்பிப்பவர்கள் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் முன்பதிவுக்கு மட்டும் கட்டுங்கள், பாதிப் பணத்தை முன்னால் வாங்குங்கள். வாராவாரம் பூ வைக்கும் வீடுகள், கடைகள், சின்னக் கோயில்கள் ஐந்தாறு கிடைத்தால் அது தீபாவளிக் கூட்டத்தைவிடப் பெரிய பலம். அப்புறம், உங்கள் கைவேலைக்கும் விலை போடுங்கள். நெருக்கமாகக் கட்டிய ஆள் உயர மாலைக்குப் பல மணி நேரம் ஆகும்.

பெட்டியைத் திறந்தால் அழுகியிருக்கிறது. பணம் திரும்புமா?

வாங்கிய அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பெட்டியின் மேல் உள்ள சீட்டும் பூவும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். நல்ல இறக்குமதியாளர் அடுத்த பில்லில் கழித்துக்கொடுப்பார், பணமாகத் தருவது அரிது. மறுநாள் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நியாயமும் அதுதான். உங்கள் வீட்டு வெயிலில் வாடியதா, அவர் கிடங்கில் வாடியதா என்று யார் சொல்வது?

நீல நிறச் செவ்வந்தி, வானவில் ரோஜா எல்லாம் நிஜமா?

சாயம். தண்டு வழியாக ஏற்றியது அல்லது மேலே தெளித்தது. ஈரம் பட்டால் மேல்பூச்சு வெள்ளைச் சட்டையில் இறங்கும், மாலைக்கு வேண்டாம்.

சிங்கப்பூரில் பூவே விளைவதில்லையா?

முன்பு மண்டாய் பக்கம் ஆர்க்கிட் தோட்டங்கள் இருந்தன, இங்கிருந்து வெளிநாட்டுக்கு வெட்டிய ஆர்க்கிட் போனது. 1981-ல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமும் ஆர்க்கிட்தான். ஆனால் அதைக் கட்டாகக் கட்டி விற்க மாட்டார்கள், பறித்தால் சீக்கிரம் வாடும். நிலம் வீட்டுக்கும் சாலைக்கும் போன பிறகு வெட்டுப் பூவுக்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கிறோம். துளசி, வெற்றிலை, வேப்பிலை மட்டும் புளோக் கீழே இருக்கும் சமூகத் தோட்டங்களில் பார்க்கலாம். கேட்டுப் பறியுங்கள். அங்கே தண்ணீர் ஊற்றும் ஆண்ட்டிக்கு ஒவ்வொரு இலையும் கணக்குத் தெரியும்.

விசேஷம் முடிந்து மிஞ்சிய பூவை என்ன செய்வது?

மேடையைப் பிரிக்கும்போதே ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்துவிடுங்கள், ரோஜாவும் லில்லியும் வீட்டில் இன்னும் நாலு நாள் நிற்கும். முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதானால் முன்னதாகப் போன் செய்து கேளுங்கள், சில இடங்களில் மணம் தூக்கும் பூவை வாங்க மாட்டார்கள். மாலைகளில் நூல், ஜரிகை, பிளாஸ்டிக் மணி எல்லாவற்றையும் உருவிய பிறகே பூவை உரக்குழிக்குப் போடுங்கள். சாத்திய மாலையைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வராமல் கால்வாயிலோ கடற்கரையிலோ விடுகிறவர்கள் உண்டு. அது குற்றம், அபராதம் வரும். பக்கத்துக் கோயில் அலுவலகத்தில் கேட்டால் எங்கே வைக்கலாம் என்று சொல்வார்கள்.